பெட்டிக்காரரும் சகலையின் காந்தமும்

பொறாமை என்றால் ஏதோ போகிற போக்கில் வந்துபோகிற பொறாமை இல்லை. பெட்டிக்காரருக்கு இருந்தது உள்ளங்காலில் தொடங்கி உச்சந்தலை வரைக்கும் ஏறுகிற பொறாமை. சகலையைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கையில் இருக்கிற டீ கசக்கும். கூட ஒரு கரண்டி சர்க்கரை போட்டாலும் கசக்கும்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் அதை யார் சீந்தினார்கள்? அவர் செய்வது பெட்டி. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சாம்பல் நிற இரும்புப் பெட்டி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், கப்பாசிட்டர், கை தடிமனுக்குச் செம்புப் பட்டைகள், சூடு தணிக்கத் தண்ணீர்க் குழாய்கள். துகள் முடுக்கிக்கு வேண்டிய பவர் சப்ளை அதுதான். அதனால் அவர் பெட்டிக்காரர்.

துகள் முடுக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். வளையமாக ஒரு குழாய், உள்ளே காற்றுகூட இல்லாத வெற்றிடம், அதற்குள் எலக்ட்ரான் கூட்டம் தலைதெறிக்க ஓட வேண்டும். சும்மா விட்டால் அது நேரே போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளும். வளைத்துத் திருப்ப ஒரு காந்தம், சிதறாமல் இறுக்கிப் பிடிக்க இன்னொரு காந்தம் என்று வழி நெடுக வரிசையாக வைத்திருப்பார்கள். காந்தத்துக்கு உயிர் கொடுப்பது பெட்டியிலிருந்து வருகிற மின்சாரம். அது துளி ஆடினாலும் ஓட்டம் கெட்டுவிடும். பெட்டி இல்லையென்றால் காந்தம் வெறும் இரும்பு, துணி காயப்போடக்கூட லாயக்கில்லாத இரும்பு. இப்படிச் சொல்வது நான் இல்லை, பெட்டிக்காரர்.

ஆனால் பாருங்கள், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் போவது காந்தத்தைப் பார்க்க. நீல வண்ணம் அடித்து, செம்புச் சுருள் பளபளக்க, மாப்பிள்ளை மாதிரி நிற்கும் அது. பெட்டிகள் இருக்கிற கூடத்தை நடந்து கடப்பார்கள், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு அம்மா மட்டும் நின்றார். பெட்டிக்காரர் பரபரவென்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இதெல்லாம் ஏசி மெஷினுங்களா சார்?"

"ஆமாம்மா. கொஞ்ச நேரம் நில்லுங்க, குளிரும்" என்றார் பெட்டிக்காரர்.

அந்த அம்மா உண்மையிலேயே நின்றுவிட்டார். கடைசியில் வழிகாட்டி வந்துதான் அழைத்துப் போக வேண்டியிருந்தது.

இளவயதில் பெட்டிக்காரர் ஸ்டெபிலைசர் ரிப்பேர் கடையில் இருந்தவர். அங்கிருந்து இங்கே வந்த புதிதில் அவர் கட்டிய முதல் பெட்டி வெடித்து, இடது புருவத்தைக் கொண்டுபோயிற்று. புருவம் திரும்பி வளர்ந்தது, கொஞ்சம் கோணலாக. அதற்குப் பிறகு அவர் கட்டிய எதுவும் வெடித்ததில்லை. பெட்டியை ஓட விட்டு, மீட்டரில் கடைசி எண் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்பார். அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். "ஒரு நம்பரை நாள் பூரா பார்த்துக்கிட்டு நிக்கிற மனுஷன், நான் பேசறதை ரெண்டு நிமிஷம் காது கொடுத்துக் கேட்க மாட்டாரு" என்பது வீட்டில் மனைவியின் நிரந்தரப் புகார்.

சகலை யார் என்றால், அந்த மனைவியின் தங்கையைக் கட்டியவன். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவனை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே பெட்டிக்காரர்தான். ஆள் எடுக்கிறார்கள் என்றதும் தானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினார். காந்தப் பிரிவில் போட்டார்கள். வந்தவன் சுருள் சுற்றினான், இரும்புத் தகடுகளை அடுக்கினான், மயிரிழை பிசகாமல் நிறுத்தி வைக்கக் கற்றுக்கொண்டான். சில வருடங்களில் காந்தம் என்றாலே அவன்தான் என்று ஆகிவிட்டது. ஆராய்ச்சிக்கூடத்துக் காலண்டரில் அவன் காந்தத்தின் மேல் கை வைத்துச் சிரிக்கிற படம் வந்தது. அந்தக் காலண்டரைப் பெட்டிக்காரரின் மனைவி கொண்டுவந்து சமையலறையில் மாட்டினாள். தினம் காலையில் தண்ணீர் குடிக்கப் போனால் சகலை சிரிப்பான்.

மாமியாரும் தன் பங்குக்கு விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெரிய மாப்பிள்ளை என்னமோ பெட்டி செய்யறாரு. சின்ன மாப்பிள்ளைதான் மெஷினே செய்யறாரு."

உள்ளே உட்கார்ந்திருந்த பெட்டிக்காரருக்குக் காதில் புகை வந்தது.

அவனிடம் ஒரு குறையாவது இருந்தால் அதைப் பிடித்துத் தொங்கலாம். அதுவும் இல்லை. வாய்க்கு வாய் "அண்ணே, அண்ணே" என்பான். பாராட்டுக் கூட்டத்தில் "பெட்டி சரியா இருந்ததாலதான் காந்தம் வேலை செஞ்சுது" என்று மேடையிலேயே சொன்னான். அதற்கும் அவனுக்குத்தான் கைதட்டல் விழுந்தது.

இந்த நேரத்தில் புது வளையம் முடிகிற கட்டத்துக்கு வந்தது. அடுத்தது இதைவிடப் பெரிய இயந்திரம். அதைக் கட்டுகிற குழுவுக்குத் தலைவர் ஒருவர் வேண்டும். அந்த இடத்துக்கு அனுபவத்தில் நின்றவர்கள் இரண்டே பேர், ஒன்று பெட்டிக்காரர், இன்னொன்று சகலை. வளையத்தில் முதல் ஓட்டம் முடிந்ததும் யார் என்று சொல்கிறேன் என்று தலைமைப் பொறியாளர் அம்மா சொல்லிவிட்டார். வெளியிலிருந்து நிபுணர் குழு ஒன்று வந்து பார்க்கப்போகிறது. ஓட்டம் சுத்தமாக முடிந்தால் பதவி சகலைக்குத்தான் என்று டீ அறையில் பேசிக்கொண்டார்கள். பெட்டிக்காரர் உள்ளே நுழைந்ததும் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசினார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

முதல் ஓட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டிக்காரர் சுரங்கத்துக்குள் போனார். வளையம் இருப்பது தடித்த கான்கிரீட் சுவர்களுக்குள். அதைச் சுரங்கம் என்றுதான் சொல்வார்கள். கேபிள் முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்துவிடுவது அவர் வழக்கம். எலக்ட்ரானை இறுக்கிப் பிடிக்கிற ஏழாவது குவி காந்தத்தருகே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சிவப்புக் கேபிள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு.

அந்தக் காந்தத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகியதென்று கேபிளைக் கழற்றி, குழாயை மாற்றி, திரும்ப மாட்டியிருந்தார்கள். மாட்டியது சகலை. ஆனானப்பட்ட சகலை! கேபிளை மாற்றிப் போட்டால் மின்சாரம் தலைகீழாகப் போகும், இறுக்கிப் பிடிக்க வேண்டிய காந்தம் சிதறடிக்கும். எலக்ட்ரான் கூட்டம் ஏழாவது காந்தத்தைத் தாண்டாது. நாளைக்கு நிபுணர் குழுவுக்கு முன்னால், அத்தனை பேருக்கு முன்னால், தாண்டாது.

பெட்டிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, வாழ்க்கையில் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. ஸ்பானர் இடுப்பிலேயே இருந்தது. அதை எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்த விருந்தாளி மாதிரி வெளியே நடந்தார்.

சாயங்காலம் டீ அறையில் சகலை அவரைத் தேடி வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணே, எனக்கு என்னமோ மனசே சரியில்ல. ஏழாவதுல அவசர அவசரமா மாட்டினேன். நீங்க மத்தியானம் உள்ள போனீங்கல்ல, கேபிள் எல்லாம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சரியா இருக்காண்ணே?"

பெட்டிக்காரர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். அன்றைக்கு டீ கசக்கவே இல்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. சும்மா போட்டு மனசைக் குழப்பிக்காதே. வீட்டுக்குப் போய்ப் படு, போ."

சகலையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "நீங்க சொல்லிட்டீங்கல்ல, போதும்ணே" என்று அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். பெட்டிக்காரர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இப்பத்தான் தங்கச்சி போன் பண்ணா. ரெண்டு நாளா அவரு சோறு தண்ணி இல்லாம கிடந்தாராம். இப்ப போன் போட்டு, அண்ணே பார்த்துட்டாரு, இனி எனக்குப் பயமில்லன்னு சொன்னாராம். மாமா வாயால சொன்னா அவருக்கு அது கல்வெட்டுன்னு சொல்லிச் சிரிக்கிறா."

பெட்டிக்காரரின் கை தட்டிலேயே நின்றது.

"ஏன், உப்பு கம்மியா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். அதே வார்த்தை வாயில் வந்ததும் அவருக்கே நாராசமாக இருந்தது. எழுந்து கை கழுவிவிட்டார்.

போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று எடுத்தார். என்ன சொல்வது? பார்த்தேன், தெரிந்தும் மறைத்தேன் என்றா? வைத்துவிட்டார். அவன்மேல் பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால் அதெல்லாம் இல்லை, பத்திரமாக இருந்தது. அதன் பக்கத்தில் இப்போது இன்னொன்று வந்து உட்கார்ந்து நெஞ்சைக் குறுகுறுக்க வைத்தது.

மறுநாள் விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார். சுரங்கத்தை அதற்குள் சோதித்துப் பூட்டிவிட்டார்கள். ஓட்டம் முடிகிறவரை யாரும் உள்ளே போக முடியாது. போகாவிட்டால் என்ன? கேபிளின் இன்னொரு முனை அவருடைய பெட்டியில்தானே இருக்கிறது! அந்த முனையில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிவிட்டால் காந்தத்துக்குள் மின்சாரம் நேராகப் போகும். யாருக்கும் தெரியப்போவதில்லை. சகலை மானமும் தப்பும், தன் பொய்யும் தப்பும்.

ஏழாவது காந்தத்துக்கான பெட்டியை அணைத்தார். கப்பாசிட்டரில் மிச்சமிருந்த மின்சாரத்தை எர்த் கம்பியால் தொட்டு இறக்கினார். கேபிள்களைக் கழற்றி மாற்றி மாட்டினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு: யார் எந்தக் கேபிளைத் தொட்டு மாற்றினாலும் தன் பேர் எழுதிய மஞ்சள் நாடாவை அதில் கட்ட வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்காமல் யாரையும் உள்ளேயே விடமாட்டார்கள். பெட்டிக்காரர் நாடா கட்டவில்லை. பேர் போட்டால் ஏன் மாற்றினாய் என்ற கேள்வி வருமே.

நிபுணர் குழு வந்தது. கட்டுப்பாட்டு அறையில் கூட்டம் நெரிந்தது. திரைகளில் எலக்ட்ரான் கூட்டம் எங்கே போகிறது என்று சின்ன வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். முதல் காந்தம், இரண்டாவது, மூன்றாவது. புள்ளி கச்சிதமாக வந்தது. ஆறாவது. ஏழாவதுக்கு வந்ததும் புள்ளி கொட்டிய பால் மாதிரி பரவி மறைந்துவிட்டது.

பெட்டிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எப்படி? கண்ணால் பார்த்து மாற்றினோமே!

எல்லாவற்றையும் அணைத்தார்கள். நிபுணர் குழுவை டீ குடிக்க அனுப்பினார்கள். சுரங்கத்தைத் திறந்து சகலையும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே ஓடினார்கள். பெட்டிக்காரரும் பின்னால் போனார். ஏழாவது காந்தத்தில் சிவப்பு சிவப்பின் இடத்தில் இருந்தது, கறுப்பு கறுப்பின் இடத்தில் இருந்தது. அதில் ஒரு புது மஞ்சள் நாடா, சகலையின் பேரோடு.

அவன் நேற்றே சரிசெய்திருக்கிறான். சரியாக இருந்ததைத்தான் இவர் காலையில் போய்க் கெடுத்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்தார்கள். மாறியிருந்த கேபிள் பளிச்சென்று தெரிந்தது. நாடா இல்லை. மாற்றி மாட்டினார்கள், மறுபடி ஓட்டினார்கள். புள்ளி ஏழாவதைத் தாண்டி, எட்டு, ஒன்பது என்று போய் ஒரு முழுச் சுற்று வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நிபுணர் குழு கைகுலுக்கிவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் பொறியாளர் அம்மா எல்லாரையும் பெட்டிக் கூடத்துக்கு வரச்சொன்னார்.

"யாரு இதை மாத்தினது?"

கண்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. காந்தப் பிரிவில் ஒருவன், "வேற யாரு? சகலை மேல இருக்கிற காண்டு ஊருக்கே தெரியும்" என்று அடுத்தவன் காதைக் கடித்தான். அது எல்லார் காதிலும் விழுந்தது. இத்தனை வருடம் பெட்டிக்காரர் பொத்திப் பொத்தி வைத்ததாக நினைத்த பொறாமை இவர்களுக்கெல்லாம் பழைய செய்தியா!

"நான்தான் மேடம்" என்று ஒரு குரல் கேட்டது. சகலை முன்னால் வந்து நின்றான். "ஏழாவதுல கேபிள் மாறியிருக்குமோன்னு எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. பெட்டிப் பக்கம் மாத்திடுங்கண்ணேன்னு நான்தான் அண்ணன்கிட்ட சொன்னேன். அப்புறம் காந்தத்துப் பக்கம் நானே சரிபண்ணிட்டு, அவர்கிட்ட சொல்ல மறந்துட்டேன். நாடா கட்ட வேணாம்னு சொன்னதும் நான்தான்."

பொறியாளர் அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்ககிட்ட நான் இதை எதிர்பார்க்கல. நாடா கட்டாதேன்னு சொல்ற ஆளை நான் எப்படித் தலைவரா போடறது?" என்றவர் பெட்டிக்காரர் பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து புதுக் குழுவை நீங்க எடுத்துக்குங்க. ஆனா இனிமே யார் சொன்னாலும் நாடா இல்லாம எதையும் தொடாதீங்க."

அவ்வளவுதான். எதற்காக இத்தனை வருடம் வயிறு எரிந்ததோ அது கைக்கு வந்துவிட்டது. எல்லாரும் கலைந்து போனார்கள். சகலையும் கிளம்பினான். பெட்டிக்காரர் பின்னாலேயே போய்த் தண்ணீர்ப் பம்புகளுக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தார்.

"நில்லு தம்பி. நீ எப்படா என்கிட்ட மாத்தச் சொன்னே?"

"சொல்லலதான்."

"நேத்து நான் சரின்னு சொன்னதுக்கப்புறம் நீ எதுக்குப் போய்ப் பார்த்தே? என்மேல சந்தேகமா?"

"ஐயோ, இல்லண்ணே. புதுக் குழாய் ஒழுகுதான்னு பார்க்கத்தான் போனேன். அப்பத்தான் கேபிள் கண்ணில பட்டுச்சு. அண்ணன் கண்ணுக்கும் தப்பிடுச்சு போலன்னு நினைச்சேன். இவ்வளவு பெரிய தப்புப் பண்ணிட்டோமேன்னு வெட்கமாப் போச்சு, அதான் உங்ககிட்ட சொல்லல." அவன் பம்பைப் பார்த்துக்கொண்டு பேசினான். "இன்னைக்கு உங்க பெட்டியைத் திறந்தப்பத்தான் புரிஞ்சுது, உங்க கண்ணுக்குத் தப்பலன்னு. நேத்து நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே."

பம்பு உறுமிக்கொண்டிருந்தது.

"எதுக்கு எனக்காகப் பொய் சொன்னே?" என்றார் கடைசியில்.

"அக்கா முகத்துல நாளைக்கு முழிக்க வேணாமா? அதுவும் போக, அந்தப் பதவி எனக்குக் கிடைச்சா கிடைக்குது, இல்லாட்டி இல்லண்ணே. உங்களுக்குத்தான் அது ரொம்ப வேணும். வச்சுக்குங்க."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அழுகிற பிள்ளைக்கு மிட்டாயை நீட்டுகிற மாதிரியல்லவா சொல்லிவிட்டுப் போகிறான்! பெட்டிக்காரருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காலண்டர் படத்தைப் பொறுத்தார், மாமியார் வாயைப் பொறுத்தார், மேடைக் கைதட்டலைப் பொறுத்தார். அவன் போட்ட பிச்சையில் தலைவர் நாற்காலியில் உட்காருவதை மட்டும் பொறுக்க முடியாது. செத்தாலும் முடியாது.

விறுவிறுவென்று மாடிப்படி ஏறினார். பொறியாளர் அம்மாவின் அறைக்கதவுக்கு முன்னால் வந்ததும்தான் இன்னொன்று உறைத்தது. உண்மையைச் சொன்னால் தன் பேர் போகும், பதவி போகும். அதுகூடப் பெரிதில்லை. அவன் பேர் இன்னும் ஏறும். செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டவன் என்று ஆராய்ச்சிக்கூடமே அவனைத் தூக்கி வைத்து ஆடும், வீட்டில் கேட்கவே வேண்டாம். அவனைத் தன் கையாலேயே இன்னொரு படி ஏற்றிவிட வேண்டும். சொல்லாவிட்டாலோ, சாகும்வரை அவன் தயவில் கிடக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஜெயிக்கிறவன் அவன்தான்.

கதவைத் தட்டிவிட்டார்.

பொறியாளர் அம்மா உட்காரச் சொன்னார், பெட்டிக்காரர் உட்காரவில்லை. முந்தின நாள் மத்தியானம் சுரங்கத்தில் பார்த்தது, சந்தோஷப்பட்டது, டீ அறையில் சொன்ன பொய், விடிந்ததும் மாற்றியது, நாடா கட்டாதது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஏன் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னார். "பொறாமை மேடம்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பொறியாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டப்போகிறார், பரவாயில்லை, திட்டட்டும் என்று பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அடடா" என்றார் அந்த அம்மா. "உங்க சகலை எவ்வளவு நல்ல மனுஷன்!"